நிக்கோசியாவின் பச்சைக் கோடு

ஒரு நகரை இரண்டாகப் பிளந்த சுவர் என்றதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது பேர்லின்தான். 1961 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13 ஆம் திகதி இரவோடிரவாக முட்கம்பி வேலியாகத் தொடங்கிய அச்சுவர், 1989 நவம்பர் 9 ஆம் திகதி திறந்துவிடப்பட்டதை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. ஆனால் பேர்லின் சுவர் எழுந்து இரண்டே ஆண்டுகளில், மத்தியதரைக் கடலின் கிழக்கு மூலையிலுள்ள சைப்பிரஸ் தீவின் தலைநகரான நிக்கோசியாவும் பிளக்கப்பட்டது. அந்தப் பிளவு இன்னமும் நீங்கவில்லை. பேர்லினில் ஒரே மொழி பேசிய மக்களை வல்லரசுகளின் பகைமை பிரித்தது. நிக்கோசியாவில் பிரிந்து நிற்பவர்களோ மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட, எனினும் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் ஒரே சந்தையில் கொடுக்கல் வாங்கல் செய்து வாழ்ந்த இரு சமூகத்தினர். எமது வாசகர்கள் பேர்லினை விட நிக்கோசியாவையே கூர்ந்து நோக்க வேண்டும் என நாம் கருதுவதற்கு இதுவே காரணமாகும்.

இந்நகருக்குப் பழைய மதில் ஒன்றும் உண்டு. தீவை ஆண்ட வெனிஸ் நகரத்தவர், உதுமானியத் துருக்கியரின் படையெடுப்புக்கு அஞ்சி 1567 இல் நகரைச் சுற்றிப் பதினொரு கொத்தளங்களைக் கொண்ட வட்டவடிவ மதிலைக் கட்டத் தொடங்கினர். மூன்றே ஆண்டுகளில், 1570 செப்டெம்பரில், நகரம் வீழ்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கப்பட்ட புனித சோபியா பேராலயம் பள்ளிவாசலாயிற்று. இன்று செலிமியே பள்ளிவாசல் எனப்படுவது அதுவே. மதிலைக் கட்டுவதற்காக வெனிஸ் நகரத்தவர் செய்த இன்னொரு காரியம் பலரது கவனத்துக்கு வருவதில்லை. நகரின் ஊடாக ஓடிய பெடியோஸ் ஆற்றை அவர்கள் மதிலுக்கு வெளியே திருப்பிவிட்டனர். வற்றிய ஆற்றுப்படுகை காலப்போக்கில் நகரின் கழிவுகள் தேங்கும் திறந்த சாக்கடையாயிற்று. பிரித்தானியர் காலத்தில் அது மூடப்பட்டு வீதியாக்கப்பட்டது. கிரேக்கர் அதனை எர்மு வீதி என்றனர். கிரேக்கரும் துருக்கியரும் ஆர்மீனியரும் அருகருகே கடை வைத்திருந்த வணிக வீதி அது. பின்னாளில் நகரைப் பிளந்த கோடு பெரும்பாலும் இந்தப் பழைய ஆற்றின் வழியிலேயே விழுந்தது.

1878 இல் தீவின் நிர்வாகம் பிரித்தானியரின் கைக்கு வந்தது. 1925 இல் அது முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. தீவைக் கிரேக்கத்துடன் இணைக்க வேண்டும் என்ற 'ஏனோசிஸ்' கோரிக்கை கிரேக்க சைப்பிரியரிடையே வேரூன்றியிருந்தது. 1955 ஏப்ரல் 1 ஆம் திகதி ஈயோகா இயக்கம் பிரித்தானியருக்கு எதிராக ஆயுதப் போராட்டத்தைத் தொடங்கியபோது, அதனை அடக்குவதற்கான துணைப் பொலிஸ் படைகளுக்குப் பிரித்தானியர் பெருமளவில் துருக்கிய சைப்பிரியரையே திரட்டினர். ஈயோகாவின் குண்டுக்கு ஒரு துருக்கியப் பொலிஸ்காரர் பலியானால் அது குடியேற்ற ஆட்சிக்கு எதிரான தாக்குதலாக அல்லாமல் ஓர் இனம் மற்ற இனத்தின் மீது நடத்திய தாக்குதலாகவே மறு பக்கத்தில் பார்க்கப்பட்டது. ஆள்வோர் இதனை அறியாமற் செய்தனர் என்று நம்புவது கடினம். 'ஏனோசிஸ்' கோரிக்கைக்கு மறுமொழியாகத் 'தக்சிம்', அதாவது பிரிவினை, என்ற கோரிக்கை துருக்கிய சைப்பிரியரிடையே எழுந்தது. இந்தியாவைப் பிரிக்கும் கோட்டை வரைந்த அதே ரட்கிளிஃப் பிரபுதான் 1956 இல் சைப்பிரஸுக்கான அரசியலமைப்பு யோசனைகளையும் தயாரித்தார். அவர் பிரிவினையைப் பரிந்துரைக்கவில்லை. ஆயினும் அந்த யோசனைகளை அவ்வாண்டு டிசெம்பரில் பாராளுமன்றத்தில் சமர்ப்பித்த குடியேற்ற நாடுகளின் அமைச்சர், பிரிவினையும் ஒரு வழியாக இருக்கலாம் என்று பேசிவைத்தார்.

நகரின் குறுக்கே முதல் முட்கம்பி வேலி விழுந்ததும் 1956 இலேயே. இனமோதலைத் தடுப்பதற்காகப் பிரித்தானியப் படையினர் அதனை இட்டனர். அமெரிக்காவின் வடக்கையும் தெற்கையும் பிரித்த எல்லையின் நினைவாக அவர்கள் அதற்கு 'மேசன் டிக்சன் கோடு' என்று விளையாட்டாகப் பெயர் சூட்டினர். கலவரம் ஓய்ந்தால் வேலி அகற்றப்படும், மூண்டால் மீண்டும் வரும்.

1958 ஜூன் மாதத்தில் நிக்கோசியாவிலிருந்த துருக்கியத் தகவல் அலுவலகத்தின் வாசலில் குண்டொன்று வெடித்தது. கிரேக்கரின் வேலை என்று வதந்தி பரவியதும் துருக்கிய இளைஞர்கள் கிரேக்கரின் கடைகளுக்குத் தீ வைத்தனர். இரு பக்கத்திலும் உயிர்கள் பலியாகின. அந்தக் குண்டை வைத்தவர் ஒரு துருக்கியரே என்றும், பதற்றத்தை உண்டாக்குவதே அதன் நோக்கம் என்றும் பல ஆண்டுகளின் பின்னர் துருக்கிய சைப்பிரியரின் தலைவர் ரவூப் டெங்ராஷ் பிரித்தானியத் தொலைக்காட்சிக்கு அளித்த செவ்வியில் கூறினார். அதற்குள் அந்த உண்மையால் எவருக்கும் எவ்விதப் பயனும் இல்லாமற் போயிருந்தது. 1958 இன் கலவரத்தையடுத்துத் துருக்கிய சைப்பிரியர் தமக்கெனத் தனி மாநகரசபையை அமைத்துக்கொண்டனர். குப்பை அள்ளுவதற்கும் சந்தை வரி அறவிடுவதற்கும் இரண்டு சபைகள் என்ற நிலை இவ்வாறுதான் தோன்றியது.

1960 ஓகஸ்ட் 16 ஆம் திகதி சைப்பிரஸ் சுதந்திர நாடாயிற்று. பேராயர் மக்காரியோஸ் ஜனாதிபதி; டாக்டர் ஃபாசில் குச்சுக் உப ஜனாதிபதி. சனத்தொகையில் சுமார் 18 வீதத்தினரான துருக்கிய சைப்பிரியருக்கு அரசாங்க சேவையில் 30 வீதமும் இராணுவத்தில் 40 வீதமும் ஒதுக்கப்பட்டன. உப ஜனாதிபதிக்கு முக்கிய விடயங்களில் தடுப்பு அதிகாரம் இருந்தது. வரிச் சட்டங்களுக்கு இரு சமூகப் பிரதிநிதிகளினதும் தனித்தனிப் பெரும்பான்மை தேவைப்பட்டது. பிரித்தானியா, கிரேக்கம், துருக்கி ஆகிய மூன்று நாடுகள் இந்த ஏற்பாட்டுக்கு உத்தரவாதம் அளித்தன. பெரும்பான்மையினர் இதனைத் தம்மீது திணிக்கப்பட்ட அநீதியாகக் கண்டனர். சிறுபான்மையினரோ இதில் ஓர் எழுத்தைத் தொட்டாலும் தமது பாதுகாப்பே போய்விடும் என அஞ்சினர்.

இந்த அரசியலமைப்பு எங்கே உடைந்தது என்பதை ஆராய்ந்தால் வியப்பே மிஞ்சும். ஐந்து பெரு நகரங்களில் இரு சமூகங்களுக்கும் தனித்தனி மாநகரசபைகள் இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பு கூறியது. அது பிரிவினைக்கு அத்திவாரம் இடும் என்று மக்காரியோஸ் மறுத்தார். உடன்பாட்டை மீறினால் வேறெந்த உறுதிமொழியை நம்புவது என்று துருக்கிய சைப்பிரியத் தலைவர்கள் கேட்டனர். 1963 ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம் இரு தரப்பினரும் எடுத்த நடவடிக்கைகள் செல்லாதவை எனத் தீர்ப்பளித்தது. நடுநிலைத் தலைமை நீதிபதியாக விளங்கிய ஜேர்மனியர் எர்ன்ஸ்ட் ஃபோர்ஸ்தொஃப் அடுத்த மாதம் பதவி விலகினார். நவம்பர் 30 ஆம் திகதி மக்காரியோஸ் முன்வைத்த பதின்மூன்று அரசியலமைப்புத் திருத்த யோசனைகளில் மாநகரசபைகளை ஒன்றாக்குவதும் அடங்கியிருந்தது. உப ஜனாதிபதியின் தடுப்பு அதிகாரத்தை ஒழிப்பதும் அவற்றுள் ஒன்று. மூன்று வாரங்களில் நகரம் பற்றி எரிந்தது.

1963 டிசெம்பர் 21 ஆம் திகதி அதிகாலை, கிரேக்க சைப்பிரியப் பொலிஸார் அடையாள அட்டை பரிசோதிப்பதற்காகத் துருக்கிய சைப்பிரியர் சிலரை மறித்தபோது எழுந்த தகராற்றில் துருக்கிய சைப்பிரியர் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நத்தார் வாரம் முழுவதும் துப்பாக்கிச் சத்தம் ஓயவில்லை. இரு சமூகத்தினரும் கலந்து வாழ்ந்த ஓமொர்பிட்டா புறநகரிலிருந்து துருக்கிய சைப்பிரியக் குடும்பங்கள் விரட்டப்பட்டன. அத்தாக்குதலை நடத்திய ஆயுதக் குழுவின் தலைவர் நிக்கோஸ் சாம்ப்சன் என்பவர். அவர் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பிரித்தானிய அமைச்சர் டங்கன் சான்டிஸ் விரைந்து வந்து நடத்திய பேச்சுகளையடுத்து டிசெம்பர் 30 ஆம் திகதி போர்நிறுத்தக் கோடொன்று இணங்கப்பட்டது. பிரித்தானியத் தளபதி மேஜர் ஜெனரல் பீற்றர் யங் நகரின் வரைபடத்தில் அக்கோட்டை இழுத்தார். அப்போது பயன்பட்டது பச்சை நிறப் பென்சில். ஆகையால் அது 'பச்சைக் கோடு' ஆயிற்று. மோதல் தணியும் வரைக்குமான தற்காலிக ஏற்பாடு என்றே அனைவரும் கூறினர். 1964 மார்ச் 4 ஆம் திகதி பாதுகாப்புச் சபையின் 186 ஆம் இலக்கத் தீர்மானத்தின்படி அனுப்பப்பட்ட ஐக்கிய நாடுகள் அமைதிப் படைக்கும் முதலில் மூன்று மாத ஆயுளே வழங்கப்பட்டது. அந்த ஆயுள் புதுப்பிக்கப்பட்டுக் கொண்டே வருகின்றது.

எமது பார்வையில் நிக்கோசியாவின் சுவர் 'தற்காலிகம்' என்ற சொல்லினால் கட்டப்பட்டது. பேர்லினில் ஓர் அரசாங்கம் சுவர் கட்டத் தீர்மானித்தது. நிக்கோசியாவில் அப்படியொரு தீர்மானத்தை எவருமே எடுத்ததில்லை. வேலி தற்காலிகம், இரட்டை மாநகரசபை தற்காலிகம், பென்சில் கோடு தற்காலிகம். தார்ப் பீப்பாய்களை அடுக்கி, மண்மூடைகளை வைத்து, வீட்டு ஜன்னல்களைச் செங்கல்லால் அடைத்து, வீதி முனைகளில் தகரம் அறைந்து வந்ததில், ஒருநாள் பார்த்தபோது சுவர் இருந்தது. நிரந்தரமானது என அறிவித்திருந்தால் எதிர்த்திருக்கக் கூடியவர்கள் கூட ஒவ்வொரு கட்டத்திலும் பொறுத்துக்கொண்டனர்.

1964 முதல் பத்தாண்டுகள் துருக்கிய சைப்பிரியருக்குக் கொடிய காலம். சுமார் 25,000 பேர் தமது கிராமங்களை விட்டு வெளியேறி, தீவின் மிகச் சிறிய பரப்பில் அமைந்த அடைபட்ட பகுதிகளில் ஒடுங்கினர். சீமெந்து, இரும்பு போன்ற பொருட்கள் 'இராணுவ முக்கியத்துவம் வாய்ந்தவை' எனக் கூறப்பட்டு அப்பகுதிகளுக்குச் செல்வது தடுக்கப்பட்டது. தடைப் பட்டியல் என்றால் என்னவென்று அறிந்த எமது வாசகர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1968 இல் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. கிளாஃப்கோஸ் கிளெரிடிஸும் டெங்ராஷும் பேசத் தொடங்கினர். இருவரும் சட்டத்தரணிகள், நெடுநாள் அறிமுகமானவர்கள். உடன்பாடு நெருங்கியதாகச் சொல்லப்பட்ட கட்டங்களும் உண்டு.

1974 ஜூலை 15 ஆம் திகதி, ஏதென்ஸில் ஆட்சியிலிருந்த இராணுவக் குழுவினர் மக்காரியோஸைக் கவிழ்த்தனர். ஜனாதிபதியாக அமர்த்தப்பட்டவர் முன்னர் நாம் குறிப்பிட்ட அதே சாம்ப்சன். அவருடைய ஆட்சி எட்டே நாட்கள் நீடித்தது. அதற்குள், ஜூலை 20 ஆம் திகதி, துருக்கிய இராணுவம் தரையிறங்கிவிட்டது. ஓகஸ்ட் 14 ஆம் திகதி தொடங்கிய இரண்டாவது படை நடவடிக்கையின் முடிவில் தீவின் மூன்றிலொரு பங்குக்கும் மேற்பட்ட பகுதி துருக்கியப் படையின் வசமாயிற்று. சுமார் 160,000 கிரேக்க சைப்பிரியர் தெற்கே அகதிகளாயினர். தெற்கில் வாழ்ந்த சுமார் 45,000 துருக்கிய சைப்பிரியர் வடக்கே சென்றனர். 1963 இன் துன்பத்தைப் பேசுவோர் 1974 ஐ மறப்பதும், 1974 ஐப் பேசுவோர் 1963 ஐ மறப்பதும் அத்தீவில் வழக்கமாகிவிட்டது. பாடப்புத்தகங்களும் அவ்வாறே எழுதப்பட்டன.

நகரளவில் இருந்த பச்சைக் கோடு அதன் பின்னர் தீவின் குறுக்கே 180 கிலோமீற்றர் நீளும் சூனியப் பிரதேசமாயிற்று. சில இடங்களில் அதன் அகலம் ஏழு கிலோமீற்றர். நிக்கோசியாவின் பழைய நகரிலோ சில மீற்றர் மாத்திரமே. இரு தரப்புக் காவலரண்களில் நிற்கும் சிப்பாய்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வதும், சிகரெட் எறிந்து பரிமாறிக்கொள்வதும் அங்கு சாதாரணம். சர்வதேச விமான நிலையமும் சூனியப் பிரதேசத்துக்குள் அகப்பட்டது. சைப்பிரஸ் விமான சேவையின் ட்ரைடன்ட் விமானமொன்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கேயே துருப்பிடித்து நிற்கின்றது.

அந்த விமான நிலைய வளவில்தான் எலும்புகளை அடையாளம் காணும் ஆய்வுகூடமும் உள்ளது. 1963 முதல் 1974 வரையான காலத்தில் காணாமற்போனவர்களாக 2002 பேரின் பெயர்கள் உத்தியோகபூர்வப் பட்டியலில் உள்ளன. அவர்களில் கிரேக்க சைப்பிரியர் 1510 பேர், துருக்கிய சைப்பிரியர் 492 பேர். இரு சமூகத்தினரும் ஐ.நா. பிரதிநிதியும் அடங்கிய குழு 1981 இல் அமைக்கப்பட்ட போதிலும் 2006 இல்தான் முறையான அகழ்வு தொடங்கியது. கால் நூற்றாண்டு காலம் குழு இருந்தது, மண்வெட்டி இல்லை. இதுவரை ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் அடையாளம் காணப்பட்டுக் குடும்பங்களிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. யார் கொன்றார்கள் என்று அக்குழு கேட்பதில்லை. அந்த நிபந்தனை இல்லாவிடின் சாட்சி சொல்ல எவரும் வரமாட்டார்கள் என்பது ஒரு நியாயம். நீதியின்றி எலும்பு மட்டும் போதுமா என்பது தாய்மாரின் கேள்வி.

எதிர்த்துப் பேசியவர்கள் அங்கு இல்லாமல் இல்லை. பத்திரிகைத் துறையினர் என்ற வகையில் அவர்களை நாம் குறிப்பிடாமல் விட முடியாது. 1962 இல் நிக்கோசியாவில் இரு பள்ளிவாசல்களில் குண்டுகள் வெடித்தன. பழி கிரேக்கர் மீது விழுந்தது. அதனை ஐயுற்று, உண்மையில் வைத்தவர் யார் என்பதை வெளியிடப் போவதாக எழுதிய 'ஜும்ஹுரியத்' என்ற துருக்கிய வார இதழின் ஆசிரியர்களான அய்ஹான் ஹிக்மெட், அஹ்மெட் முசாஃபர் குர்கான் ஆகியோர் அவ்வாண்டு ஏப்ரல் 23 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டனர். 1965 ஏப்ரலில் துருக்கிய சைப்பிரியத் தொழிற்சங்கவாதி தெர்விஷ் அலி கவாசோக்லுவும் அவரது கிரேக்கத் தோழர் கொஸ்டாஸ் மிஷாவுலிஸும் ஒரே வாகனத்தில் பயணித்தபோது ஒன்றாகவே கொல்லப்பட்டனர். 1996 ஜூலையில் பத்திரிகையாளர் குட்லு அடாலி வடக்கு நிக்கோசியாவில் தமது வீட்டின் முன்னே கொல்லப்பட்டார். அக்கொலை பற்றி முறையான விசாரணை நடத்தப்படவில்லை என ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2005 இல் தீர்ப்பளித்தது. கிரேக்கத் தரப்பிலும் 1958 இல் இடதுசாரித் தொழிற்சங்கவாதிகளை ஈயோகாவினர் துரோகிகள் எனக் கூறிக் கொன்றனர். இவர்களில் மிகப் பலர் மறு சமூகத்தவரின் கையால் மடியவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

உயிரைக் கொடுக்காமலே காரியம் சாதித்த இருவரும் உண்டு. 1974 இன் யுத்தம் தொடங்கியபோது நகருக்கான பாதாளக் கழிவுநீர்த் திட்டம் பாதியில் நின்றது. சுத்திகரிப்பு நிலையத்துக்கான இடம் வடக்கிலும் குழாய்களின் பெரும் பகுதி தெற்கிலும் அகப்பட்டுக்கொண்டன. கழிவுநீர் நிலத்தின் சாய்வின்படி ஓடுமேயன்றிப் போர்நிறுத்தக் கோட்டின்படி ஓடாது. தெற்கின் மாநகர முதல்வர் லெலோஸ் டெமெட்ரியாடிஸும் வடக்கில் அதே பொறுப்பை வகித்த முஸ்தபா அக்கிஞ்சியும் 1978 இல் இது குறித்து உடன்பாடு கண்டனர். ஒருவர் பதவியை மற்றவர் அங்கீகரிப்பதா என்ற கேள்வியைத் தொடாமலே பேசினர். தெற்கின் கழிவுநீர் பச்சைக் கோட்டுக்கு அடியால் வடக்கேயுள்ள மியா மிலியா நிலையத்துக்குச் சென்றது. துருக்கியர் அவ்விடத்தை ஹஸ்பொலாட் என்பர். மேலே மனிதர் கடக்க முடியாத ஆண்டுகளில் கீழே குழாய் கடந்தது. மாநகரசபையில் உடைந்த நாடு மாநகரசபைப் பொறியியலாளர்களின் மேசையில் சற்று ஒட்டியது எனலாம்.

அவ்விருவரும் அதோடு நிற்கவில்லை. 1979 இல் நகருக்கான பொதுத் திட்டமொன்றைத் தொடக்கிவைத்தனர். கோடு நீடித்தால் நகரை எவ்வாறு பேணுவது, நீங்கினால் எவ்வாறு இணைப்பது என இரு நிலைகளுக்கும் அதில் வழி வகுக்கப்பட்டது. அதன்கீழ் நடந்த பழைய நகரின் புனரமைப்புக்கு 2007 ஆம் ஆண்டு கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது வழங்கப்பட்டது. அக்கிஞ்சி 2015 இல் துருக்கிய சைப்பிரியரின் தலைவராகத் தெரிவாகி ஐந்தாண்டுகள் பதவி வகித்தார்.

2003 ஏப்ரல் 23 ஆம் திகதி, எவரும் எதிர்பாராத வகையில், டெங்ராஷின் நிர்வாகம் நிக்கோசியாவின் லெட்ரா பலஸ் ஹோட்டலருகே கடவையைத் திறந்தது. 'ஜும்ஹுரியத்' ஆசிரியர்கள் கொல்லப்பட்டு அன்றுடன் சரியாக 41 ஆண்டுகள். இலட்சக்கணக்கானோர் சில வாரங்களுக்குள் கடந்து சென்று தத்தமது பழைய வீடுகளின் கதவைத் தட்டினர். தெற்கே லார்னகாவிலுள்ள உம்மு ஹராம் (ரலி) அவர்களின் அடக்கத் தலத்தைத் துருக்கிய முஸ்லிம்களும், வடகிழக்கு முனையிலுள்ள அப்போஸ்தலர் அந்திரேயா மடாலயத்தைக் கிரேக்கக் கிறிஸ்தவர்களும் தரிசிக்கும் வழி பெரிதாகத் திறந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24 இல் கொபி அனானின் இணைப்புத் திட்டம் சர்வசன வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது துருக்கிய சைப்பிரியரில் 65 வீதத்தினர் ஆம் என்றனர். கிரேக்க சைப்பிரியரில் 76 வீதத்தினர் இல்லை என்றனர். ஒரு வாரத்தின் பின்னர் சைப்பிரஸ் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. ஆம் என்றவர்கள் வெளியே நிற்க, இல்லை என்றவர்கள் உள்ளே சென்றனர். எத்தனை குறைகள் அத்திட்டத்தில் இருந்திருப்பினும் இது பெரிய அரசியல் முரண் என்பதில் ஐயமில்லை.

நகரின் நடுநாயகமான லெட்ரா வீதி 2008 ஏப்ரல் 3 ஆம் திகதி திறக்கப்பட்டது. அன்றிரவே பொலிஸ் ரோந்து குறித்த தகராற்றினால் சில மணி நேரம் மூடப்பட்டது. 2020 இல் கொரோனாத் தொற்றைக் காரணங்காட்டி மீண்டும் மூடப்பட்டு 2021 ஜூனில் திறக்கப்பட்டது. தெற்கில் வீட்டுப் பணிப்பெண்களாகத் தொழில் புரிந்த எமது நாட்டுப் பெண்கள் பலருக்கும் இந்தப் பழைய நகரின் வீதிகள் பழக்கமானவை. இன்று சுற்றுலாப் பயணியொருவர் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு இரு நிமிடத்தில் அங்கே கோட்டைக் கடக்கலாம். ஒருபுறம் யூரோ, மறுபுறம் துருக்கிய லீரா. இடையில் செங்கல்லால் அடைபட்ட ஜன்னல்களும் கூரை இடிந்த கடைகளும்.

2017 ஜூலையில் சுவிற்சர்லாந்தின் கிரான்ஸ் மொன்டானாவில் நடைபெற்ற பேச்சுகள் முறிந்த பின்னர் முழுமையான தீர்வுக்கான பேச்சு நெடுங்காலம் முடங்கியது. 2025 மார்ச்சில் ஜெனீவாவில் கூடிய தரப்பினர் நான்கு புதிய கடவைகளைத் திறப்பது உள்ளிட்ட நம்பிக்கையூட்டும் நடவடிக்கைகளுக்கு இணங்கினர். அதே ஆண்டு ஜூலையில் நியூயோர்க்கில் மீண்டும் சந்தித்தபோது கடவைகள் விடயத்தில் இணக்கம் எட்டப்படவில்லை. வாகனங்களுக்காக நிக்கோசியாவில் திறக்க வேண்டுமெனப் பேசப்பட்ட இடங்களில் ஒன்று மியா மிலியா. தெற்கின் கழிவுநீர் பல பத்தாண்டுகளாகச் சென்றடைந்து வரும் அதே ஊர்.